அத்தை தொட்டுப் பார்த்த புரதம்

லீட்ஸ் நகரத்தில் எங்கள் தெரு ஒன்றும் பெரிய மனிதர்கள் வாழ்ந்த தெரு இல்லை. கம்பளி ஆலைக்குப் போகிறவர்கள், கரி வண்டி ஓட்டுகிறவர், பஸ் கண்டக்டர் என்று எல்லாரும் காலையில் ஓடி மாலையில் திரும்புகிறவர்கள். அந்தத் தெருவின் கடைசி வீட்டில்தான் டாக்டர் முரியல் ஓல்ட்ராய்ட் தன் தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

டாக்டர் என்றதும் கரி வண்டிக்காரர் ஒரு நாள் இருமிக்கொண்டே போய்க் கதவைத் தட்டிவிட்டார். தான் மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிக்கிற டாக்டர் என்று முரியல் சொன்னார். கரி வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்ததால் இருமல் குறைந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தம்பியின் மகள் ஹெட்டிக்கு அப்போது பத்து வயது. அவளுக்கு முரியல் அத்தைதான் எல்லாம். அத்தையின் கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

அத்தையின் அப்பா, பார்லியை நனைத்து முளைக்க வைக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். சிறுமி முரியல் அங்கே போய் உலர்ந்த பார்லியை மென்று பார்ப்பாள். வெறும் மாவு ருசி. முளைவிட்ட பார்லியை மென்றால் இனிக்கும். யாரும் சர்க்கரை போடவில்லையே, இனிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டாள். கேள்வி கேட்கிற நேரத்தில் மண்வாரியை எடுத்துக் கொடு என்றார் அப்பா.

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. உதவித்தொகையில் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு புரதம் உருவாகிறது, அது மாவுச்சத்தை நறுக்கிச் சர்க்கரையாக்குகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எப்படி நறுக்குகிறது? அந்தப் புரதத்தின் வடிவம் தெரிந்தால்தான் அது தெரியும். எந்த நுண்ணோக்கியிலும் தெரியாத அளவுக்கு அது சின்னது.

அதனால் அத்தை அந்தப் புரதத்தைப் படிகமாக வளர்த்தார். படிகத்துக்குள் எக்ஸ்-கதிரைச் செலுத்தினால், அது சிதறிப் படச்சுருளில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை அளந்து, கணக்குப் போட்டு, வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்ச நஞ்சக் கணக்கில்லை, பாதி வாழ்நாள் அதிலேயே போனது. அந்தத் துறையில் அவர் ஒருவர்தான் பெண். தேநீர் அறையில் ஆண்களுக்கு மட்டுமே இடம். அத்தை கட்டடத்தின் அடித்தள அறையில், எக்ஸ்-கதிர் எந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அங்கே கதகதப்பாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கடைசியில் கணக்கு முடிந்தது. புரதத்தை மெல்லிய துண்டங்களாக வெட்டினால் ஒவ்வொரு துண்டமும் எப்படி இருக்குமோ, அப்படி ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் தாளில் கோடுகளாக வரைந்தார்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே விளக்கு வைத்துப் பார்த்தால் முழு வடிவமும் தெரியும்.

ஆனால் அந்தத் தாள்கள் தயாரான வருடத்தில்தான் அத்தையின் கண் போனது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். நேராக எதைப் பார்த்தாலும் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கோடுகளைப் படிக்க முடியவே முடியாது.

அத்தையின் உதவியாளர் கிளிஃபர்ட் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, தாள்களில் பார்த்ததையெல்லாம் அத்தைக்கு விவரித்தார். இங்கே ஒரு சுருள் போகிறது, அப்புறம் வளைகிறது, அப்புறம் இன்னொரு சுருள். அத்தை ஒவ்வொன்றுக்கும் "நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் மேசை விரிப்பின்மேல் எதையோ தேடித் தேடி வளைந்தன. ஹெட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லண்டனில் நடக்கப்போகும் பெரிய விஞ்ஞானிகள் கூட்டத்துக்குத் தனக்குப் பதிலாகக் கிளிஃபர்ட் போகட்டும் என்று அத்தை முடிவு செய்திருந்தார். கிளிஃபர்ட் விடைபெற்றுப் போனதும் ஹெட்டி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க ஏன் அத்தை போகல?"

"நான் பார்க்காத ஒண்ணைப் பத்தி நான் எப்படிப் பேசறது?" என்றார் அத்தை. பிறகு, "எல்லாரும் பார்த்துட்டாங்க ஹெட்டி. நான் மட்டும்தான் பாக்கி" என்றார்.

அன்று ஹெட்டிக்கு இரவு உணவு இறங்கவில்லை.

அந்த வாரம் பள்ளியில் பூகோள வகுப்பு. வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகளைப் பார்த்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அட்டை வெட்டி அடுக்கி, ஒரு குன்றைச் செய்துவர வேண்டும். ஹெட்டி தானிய டப்பா அட்டைகளில் குன்று செய்து சமையலறை மேசையில் காய வைத்திருந்தாள். அத்தை தேநீர்க் கோப்பையைத் துழாவும்போது கை அதன்மேல் பட்டது. கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

"இந்தப் பக்கம் செங்குத்து. இந்தப் பக்கமா ஏறினா மூச்சு வாங்காது" என்றார் அத்தை. "யாரு செஞ்சது?"

ஹெட்டியின் மனம் அதற்குள் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே அங்கே போனாள். கிளிஃபர்ட் ஜாம் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தாள்களைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் ரொட்டி பாதியில் நின்றது.

"பாப்பா, இது விளையாட்டுச் சாமான் இல்ல. மை கலைஞ்சா என் தலை போயிடும்."

"நான் கை கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றாள் ஹெட்டி. "உங்க கையிலதான் ஜாம் இருக்கு."

கிளிஃபர்ட் தன் கையைப் பார்த்தார். பிறகு எதற்கு என்று கேட்டார். ஹெட்டி சொன்னாள். அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, விளக்கு மேசையில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். தாள்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் எடுத்து, அதே வரிசையில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஒரு காலி டப்பா மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் ஹெட்டி வாங்கிக்கொண்டு போனாள். தாள்களின் கோடுகளை அட்டையில் நகலெடுத்து, கோட்டின் மேலேயே வெட்டினாள். தனியே நின்ற துண்டுகளை மெல்லிய அட்டைப் பட்டையால் ஒன்றோடொன்று இணைத்தாள். அடுக்குகள் நகராமல் இருக்க ஏதாவது வேண்டுமே. அப்பாவுக்காக அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்திருந்தது. ஹெட்டி கேட்டதும் அம்மா பின்னல் ஊசிகளை உருவிக் கொடுத்துவிட்டார். அவற்றில்தான் அட்டைகள் எல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டன.

சனிக்கிழமை அதை அத்தையின் மடியில் வைத்தாள். என்னவென்று சொல்லவில்லை.

அத்தை தொட்டார். முதலில் விரல் நுனிகள், பிறகு இரண்டு கைகளும். அவர் முகம் மாறியது. கண்ணில் நீர் வந்தது, ஆனால் கைகள் நிற்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் தடுக்கின.

"இந்தப் பட்டை என்ன?"

"அது நான் வச்ச பாலம், அத்தை. அதை விட்டுடுங்க."

அத்தை சிரித்தார். ஒரு சுருளைக் கண்டுபிடித்து, படிக்கட்டில் ஏறுவதுபோல ஒரு விரலால் அதன்மேல் ஏறினார். பாதியில் சிரிப்பு நின்றது. கீழே இறங்கி மறுபடி ஏறினார். அடுத்த சுருளைத் தேடி அதிலும் ஏறினார்.

"உங்கப்பாவோட கருவிப் பெட்டியிலேருந்து பெரிய திருகாணி ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார்.

ஒரு கையில் திருகாணியும் ஒரு கையில் அட்டைச் சுருளுமாக அத்தை வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எந்தப் புரதத்திலும் இந்த மாதிரிச் சுருள் திருகாணியின் மரை போகிற பக்கமாகத்தான் சுற்றும். இதில் எல்லாச் சுருளும் எதிர்ப்பக்கம் சுற்றின. இந்த வடிவம் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி, இடது வலதாக மாறிக் கிடந்தது.

ஹெட்டி அத்தையின் பக்கத்தில் போய் நின்றாள். "நான் தப்பா அடுக்கிட்டேனா?"

"எந்த வரிசையில அடுக்கினே?"

"அங்க இருந்த வரிசையிலதான். ஒண்ணாம் நம்பர் மேல."

அத்தை எழுந்து நின்றார். "என் கோட்டை எடு, இதையும் தூக்கிக்கோ" என்றார். "பஸ் பிடிக்கணும்."

லண்டன் கூட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அடித்தளத்தில் கிளிஃபர்ட் அங்கே காட்ட வேண்டிய படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை சொன்னதைக் கேட்டு அவர் முதலில் நம்பவில்லை. ஒரு குழந்தை தானிய டப்பாவில் வெட்டியதை வைத்து எப்படிச் சொல்ல முடியும் என்றார். அத்தை குரலை உயர்த்தவே இல்லை. கீழே முதலில் வைக்க வேண்டிய தாள் எது என்று மட்டும் கேட்டார்.

"கடைசி நம்பர், டாக்டர். ஒண்ணாம் நம்பர் மேல. புத்தகத்துல முதல் பக்கம் மேலதானே இருக்கும்? நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல அப்படித்தான்."

"இங்க நாங்க வீட்டு மாடிய எண்ணுற மாதிரி எண்ணுவோம்" என்றார் அத்தை. "கீழேருந்து."

கிளிஃபர்ட் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க ஹெட்டிக்குப் பாவமாக இருந்தது. அந்தப் படங்கள் லண்டனுக்குப் போயிருந்தால் ஒரு பெரிய சபையே சிரித்திருக்கும். அத்தையின் பாதி வாழ்நாள் அந்தச் சிரிப்பில் போயிருக்கும்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டாக்டர்" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"கேட்டிருக்கணும்" என்றார் அத்தை. "கண்ணு தெரியலன்னு திரும்பத் திரும்பக் கேட்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. நீ சொன்னதுக்கெல்லாம் நல்லதுன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு."

ஹெட்டி பின்னல் ஊசிகளிலிருந்து அட்டைகளை உருவத் தொடங்கினாள். கிளிஃபர்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருமாக ஒண்ணாம் நம்பரைக் கீழே வைத்து, எல்லாவற்றையும் திரும்பக் கோத்தார்கள்.

அத்தை மறுபடி தொட்டார். விரல் சுருளில் ஏறியது. திருகாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு சுருள்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளத்துக்குள் விரல் இறங்கி, அங்கேயே நின்றது.

பிறகு ஹெட்டியின் கையைப் பிடித்து, அவள் ஆட்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார்.

"இங்கதான் ஹெட்டி. மாவுச்சத்து இங்க வந்து படுக்கும். இங்கதான் நறுக்குப்படும். அந்த இனிப்பு இங்கேருந்துதான் வந்துச்சு."

பள்ளம் ஆழமாக, ஒரு விரலுக்குச் சரியாக இருந்தது. ஹெட்டி விரலை எடுக்கவே இல்லை.

கிளிஃபர்ட், லண்டனுக்கு ரயில் டிக்கெட் இன்னொன்று வாங்க வேண்டுமா என்று கேட்டார்.

"வாங்கு" என்றார் அத்தை. "நான் பேசறேன். நீ படத்தைக் காட்டு."

லண்டனில் அந்தப் பெரிய சபையின் முன்னால் முரியல் ஓல்ட்ராய்ட் அட்டைப் புரதத்தைக் கையில் பிடித்துத் தடவிக்கொண்டே பேசினார் என்றும், முடிந்ததும் பெரிய பெரிய பேராசிரியர்கள் வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார்கள் என்றும் கிளிஃபர்ட் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அது அத்தையின் மேசையிலேயே இருந்தது. ஊசிகளைத் திருப்பிக் கேட்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஹெட்டியின் அப்பா ஒரு கை மட்டும் உள்ள ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் இன்னொரு கை லண்டனுக்குப் போய்விட்டு வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.