வலப்பக்க நாற்காலி

பரிமாறும்போதே அந்தப் பேரிக்காயில் யாரோ ஒரு வாய் கடித்திருந்தார்கள்.

ஆளில்லாத வலப்பக்க நாற்காலிக்கு முன்னால், வெள்ளித் தட்டில், தேனில் வெந்த பேரிக்காய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இசாபோ கணவனின் இடப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். சின்னக் கடி. முன்பல் ஒன்று விலகிய வாய்.

அது தியெரியின் செத்துப்போன முதல் மனைவி மகோவின் தட்டு. அந்தக் கோட்டையில் எஜமானி இறந்தால், ஓராண்டுக்கு அவளுடைய நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். முதல் துண்டு அவளுக்கு, பிறகுதான் பிரபுவுக்கு. சாப்பாடு முடிந்ததும் தோழி பெரின் தட்டை வாசலுக்குக் கொண்டுபோய் ஏழைகளிடம் கொடுத்து, மகோவின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்வாள். வீட்டார் யாரும் அதில் ஒரு பருக்கையைக்கூடத் தொடக்கூடாது.

அந்த ஓராண்டு முடியும் முன்பே இசாபோவைக் கொண்டுவந்துவிட்டார்கள். இக்கரைக் காடும் அக்கரை மாவு ஆலையும் ஒரே கைக்கு வரவேண்டும் என்று இரண்டு குடும்பமும் பேசி முடித்த கல்யாணம். தியெரியை அவள் முதலில் பார்த்ததே தேவாலய வாசலில், மோதிரம் மாற்றும்போதுதான். அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே அவனை விரும்பித் தொலைத்துவிட்டாள். அவனோ ஒவ்வொரு வேளையும் முதலில் வலப்பக்கக் கோப்பையில் திராட்சை மதுவை ஊற்றிவிட்டு, அந்த நாற்காலிக் கையில் தன் கையைச் சும்மா போட்டுக்கொள்வான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான்கு மாதமாகச் சோறு இறங்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் இசாபோ.

எல்லோரும் எழுந்த பிறகு அவள் போய் நாற்காலியின் மெத்தையைத் தொட்டாள். கூடத்துக் கல்தரையெல்லாம் டிசம்பர்க் குளிரில் சில்லிட்டுக் கிடக்க, கணப்பின் புகையும் ஆட்டுக்கொழுப்பு மெழுகின் வாடையும் மூக்கை அடைக்க, அந்த மெத்தை மட்டும் நடுவில் அமுங்கி, இப்போதுதான் ஒருத்தி எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருந்தது.

பேய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தியெரிக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் சமையல்கட்டுப் பெண்கள் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு ஆப்பிளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள். கடித்ததை வாங்கி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். எதிலும் அந்தப் பல் இல்லை.

"தினமும் இப்படி ஒண்ணு குடுத்தா நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெரின் சிரிக்கவில்லை. "அம்மா, அந்தக் கடி எனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "மகோ அம்மாவோட முன்பல்லுதான் அப்படி விலகியிருக்கும். அவங்களுக்குப் பேரிக்காய்னா உசுரு."

"செத்தவளுக்குப் பல்லு எதுக்குடி?"

"தெரியலம்மா."

"இன்னும் எத்தனை நாளு?"

"பத்தொன்பது."

"எண்ணிக்கிட்டே இருக்கியா?"

"நீங்கதானேம்மா தினமும் கேக்குறீங்க."

இசாபோவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். செத்தும் விட்டுக்கொடுக்க மாட்டாளாமா? அன்று மாலை கணவனிடமே கேட்டுவிட்டாள். "அந்த நாற்காலி எனக்கு வேணும்."

தியெரி வேட்டை நாயின் காதிலிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்ச நாள்தானே. பொறுத்துக்க."

"செத்தவளுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லையா?"

"அது செத்தவ இடம், இசாபோ. உனக்கு எதுக்கு?"

"நீங்க அந்தப் பக்கமே திரும்பி உக்காந்திருக்கீங்களே, அதுக்கு."

அவன் நாயின் அடுத்த காதைப் புரட்டிப் பார்த்தான். அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் பத்தொன்பது நாளும் காத்திருந்திருப்பாள்.

டிசம்பர் நடுவில் வரும் புனித லூசியாள் திருநாளன்று நடுப்பகலிலேயே கூடத்தில் மெழுகுவர்த்தி தேவைப்பட்டது. வெளியே பனி விழுந்து விழுந்து முற்றத்துச் சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போனது போல அமுங்கியிருந்தது. மேசை தயார். ஆட்கள் இன்னும் வரவில்லை. இசாபோ தன் நீலப் பட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தையின் வெதுவெதுப்பு முதுகுவரை ஏறியது. தட்டில் பேரிக்காய் இருந்தது. கடித்தாள். தேன் விரலில் வழிய வழிய, காம்புகூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தாள். இத்தனை ருசியாக அவள் அந்த வீட்டில் எதையும் சாப்பிட்டதில்லை.

தியெரி வந்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், திட்டட்டும் என்று. அவன் திட்டவில்லை. அவளுடைய கோப்பையில் முதலில் ஊற்றினான். முதல் துண்டும் அவளுக்கே வந்தது. நாற்காலிக் கையில் அவன் கை வந்து அமர்ந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"கோபம் இல்லையே?" என்றாள்.

அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

அவன் திரும்பவில்லை. அவன் கைமேல் தன் கையை வைத்தாள். குளிரில் மயிர் சிலிர்த்தவன் போல அவன் கையை இழுத்துக்கொண்டான்.

இடப்பக்க நாற்காலி நகரும் சத்தம்.

பட்டு உரசும் சத்தம்.

தியெரி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். இசாபோவிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

"பெரின்," என்றாள் இசாபோ. "பெரின், இங்க பாரு."

பெரின் வந்தாள். கண் சிவந்திருந்தது. இசாபோவுக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்கு நடந்தாள். கதவு திறந்தது. பனிக்காற்று. ஏழைகளின் இருமல். பெரினின் குரல்.

"எங்க இசாபோ அம்மாவோட ஆன்மாவுக்காக வேண்டிக்குங்க."

இசாபோ எழ முயன்றாள். மெத்தை விடவில்லை. அது இப்போது சில்லென்றிருந்தது.

"எனக்கு அந்த நாற்காலி எப்ப கிடைக்கும்?" இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல்.

"இன்னும் ஒரு வருஷம்," என்றான் தியெரி, கனிவாக. "பொறுத்துக்க."

அவன் தோளைத் தாண்டி அந்தக் குரலுக்குரியவள் எட்டிப் பார்த்தாள். இசாபோவின் அதே நீலப் பட்டு அங்கி. விரலில் இசாபோவின் மோதிரம். அந்தக் கூடத்தில் அவள் ஒருத்தி மட்டும் இசாபோவை நேருக்கு நேர் பார்த்து, வாய் திறந்து சிரித்தாள். முன்பல் ஒன்று விலகியிருந்தது.