பென்சில் நுனியும் எதிர்வீட்டு ஜன்னலும்

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, குக்கர் விசில் அடிக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில், இரண்டாம் மாடி பவ்யா பால்கனியில் நின்று, இரண்டு கருவிழியையும் மூக்குப் பக்கம் திருப்பினால் சும்மா விடுவார்களா?

பாவம், அவள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. புத்தகத்தை விரித்தால் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

கண் டாக்டர் சொன்னார்: "கிட்ட பாக்கறப்போ ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்ள வரணும். தூரமா பாக்கறப்போ சேர்ந்து விலகணும். லிஃப்ட் கதவு மாதிரி. உன் கதவுல ஒண்ணு கொஞ்சம் சோம்பேறி."

அதற்கு மருந்து ஒரு பென்சில். அதன் நுனியைப் பார்த்தபடியே மூக்குவரை கொண்டுவர வேண்டும். பிறகு தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். தூரத்தில் தெரிந்தது எதிர் பிளாக் ஸ்ரீநாத் வீட்டு ஜன்னல்.

அங்கேதான் வந்தது வம்பு. ஸ்ரீநாத்துக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கண் உள்பக்கம் திரும்பியிருக்கும். கீழே துணி காயப்போட வந்த பொன்னியம்மா, பவ்யாவின் கண்ணையும் ஸ்ரீநாத்தின் கண்ணையும் முடிச்சுப் போட்டு, அவள் கேலி செய்கிறாள் என்று ஸ்ரீநாத்திடமும் சொல்லிவிட்டார். அவர் போட்ட முடிச்சு லேசில் அவிழாது.

மறுநாள் பள்ளி ஆட்டோவில், எப்போதும் பவ்யா பக்கத்தில் உட்காரும் ஸ்ரீநாத், டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் நீட்டிய முறுக்கையும் வாங்கவில்லை. அவனே முறுக்கு வேண்டாமென்றால் விஷயம் பெரிது.

மாலையில் பொன்னியம்மாவே வழிமறித்தார்.

"இன்னாம்மே, அந்தப் புள்ள கண்ண பாத்து கேலி பண்ணிகினு கீற? தப்பில்ல?"

முறுக்கு ஏன் வேண்டாமென்றான் என்பது பவ்யாவுக்கு இப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய், 'நான் கேலி பண்ணல' என்று சொல்லலாம். கேலி செய்கிறவர்களும் அதைத்தானே சொல்வார்கள்?

சற்று யோசித்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போனாள்.

கதவைத் திறந்த ஸ்ரீநாத் தரையைப் பார்த்தான். "இன்னா வேணும்?"

"என் கண்ண கொஞ்சம் பாக்கறியா? புக்குல எல்லாம் ரெண்டா தெரியுது. பென்சில் கிட்ட வந்தா ஒரு கண்ணு நழுவிடுதாம். எப்போ நழுவுதுன்னு எனக்கே தெரியல."

"அப்போ... என்னைப் பாத்துப் பண்ணலியா?"

"உன் ஜன்னல பாத்துப் பண்ணேன். நீ அங்க நிப்பேன்னு யோசிக்கல. தப்புதான்."

யார் கண்ணையும் நேராகப் பார்க்காத ஸ்ரீநாத், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். பென்சில் மெல்ல நகர்ந்தது.

"வருது... ரெண்டும் உள்ள வருது... நில்லு. இடது கண்ணு ஓடிப்போச்சு."

"கண்டுபிடிச்சிட்டியா?"

"பின்ன? கண்ணு விஷயத்துல என்னை ஏமாத்த முடியாது."

மறுநாள் ஆட்டோவில் முறுக்கு பழையபடி கைமாறியது. மாலையில் பவ்யா வீட்டுப் பால்கனியில் இரண்டு தலைகள் தெரிந்தன.

காயப்போட எடுத்துவந்த ஈரப் புடவையோடு பொன்னியம்மா கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். "இப்போ ரெண்டு பேருமா?"

ஸ்ரீநாத் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஆன்ட்டி, கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. பவ்யா தூரமா பாக்கறதுக்கு இன்னிக்கு நீங்கதான்."

பொன்னியம்மா புடவையைக் கொடியில் போட்டார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.