மேலத்தேரியில் குடலிறக்கம்

மேலத்தேரியில் வேலைக்குப் போகும் ஆண்பிள்ளைகள் தினமும் காலையில் வேலையிடத்துக் கதவுக்கு முன்னால் நின்று சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கதவு இடுப்பைப் பார்க்கும். இடுப்பில் கச்சை இறுக்கமாக இருந்தால் திறக்கும். தளர்ந்திருந்தால், "இன்னும் ஒரு துளை உள்ள தள்ளுங்க, அண்ணாச்சி" என்று மரியாதையாகச் சொல்லும். கச்சையே இல்லாமல் வந்தவனுக்குக் கடைசிவரை திறக்காது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவனைப் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது.

மேலத்தேரி செவ்வாய்க் கோளில் இருக்கிறது. முதன்முதலில் அங்கே வந்து இறங்கியவர்கள் உடன்குடிப் பக்கத்துக்காரர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மணலாகக் கிடந்ததைப் பார்த்து, "இது நம்ம தேரிக்காடுல்லா" என்று ஒருவர் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கூடாரம், பனிக்கட்டியை உருக்கி எடுக்கும் தண்ணீர், இயந்திரம் ஊதித் தரும் காற்று, எல்லாம் நாளடைவில் பழகிப் போயின. பழகாதது ஒன்றுதான். அங்கே இளவட்டங்களுக்குக் குடலிறக்கம் வந்துகொண்டே இருந்தது.

பூமியில் பெரும்பாலும் வயதானவர்களை வாட்டும் அந்த நோய், மேலத்தேரியில் மீசை முளைத்து நாலைந்து வருடமே ஆன பையன்களைத் தேடித் தேடிப் பிடித்தது. பூமியிலிருந்த பேராசிரியர்கள் கூடி ஆராய்ந்தார்கள். செவ்வாயில் ஈர்ப்பு விசை குறைவு, அதனால் குடல் தன் இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒருவர் அதற்காக விருதுகூட வாங்கினார். அதற்குப் பிறகுதான் இறக்கத் தடுப்புக் கச்சை கட்டாயமானது.

ஊரின் வைத்தியம் முழுவதையும் நலங்காணி என்ற இயந்திரம் பார்த்துக்கொண்டது. கெட்டிக்கார இயந்திரம். எலும்புக்குள் இருக்கும் கீறலைக்கூட வெளியிலிருந்தே பார்த்துவிடும். ஆனால் அதன் கையைக் கட்டிப்போட ஒரு சட்டம் இருந்தது. பூமியில் கல்யாணத் தரகர்கள் வரைக்கும் தங்கள் நோய்களை எட்டிப் பார்த்த தொல்லை தாங்காமல் இங்கே வந்தவர்கள் போட்ட சட்டம் அது. நோயாளி சொன்ன உறுப்பைத் தவிர வேறு எதையும் நலங்காணி பார்க்கக் கூடாது. சிகிச்சை முடிந்ததும் பார்த்ததை மறந்துவிட வேண்டும். நோயாளி தன் நோய்க்கு என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயர் மட்டும் அதன் நினைவில் தங்கும். இதற்குப் பெயரிடும் உரிமை என்று பெயர்.

ரூபனுக்கு இந்தச் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட இதுவரை எந்தக் காரணமும் இருந்ததில்லை. பனிக்கட்டி உருக்கும் ஆலையில் வேலை. அடுத்த மாதம் ஷைனியோடு கல்யாணம். தொட்டதற்கெல்லாம் சிரிக்கிற வயது. ஒருநாள் குளிக்கும்போது, சொல்லக் கூடாத இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தான். வலிக்கவில்லை. வலித்திருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

புற்றுநோயாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. கல்யாணம் நின்றுவிடுமோ என்பது அடுத்த பயம். அதற்கும் அடுத்து, பக்கத்து அறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த தம்பி ஜோயலின் நினைவு வந்தது. அவனுக்கும் தனக்கும் ஒரே மூக்கு, ஒரே தலைமுடி. இதுவும் ஒன்றாகவே வந்து தொலைக்குமோ?

தலையைத் துவட்டிக்கொண்டே சுவரிலிருந்த குரல் பலகையிடம் போனான். நலங்காணியை வீட்டிலிருந்து கூப்பிட அதுதான் வழி.

"விதைப்பையில ஒரு கட்டி இருக்கு" என்றான், மெதுவாக.

இந்தச் சொல்லை மேலத்தேரியில் வைத்திய காரியத்துக்காக வாய்விட்டுச் சொன்ன முதல் மனிதன் அவன்தான். நலங்காணி தன் பேச்சுத் தமிழை ஊர்க்காரர்களிடமிருந்தே கற்றிருந்தது. ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைத் தோட்டக் கூடாரத்தில் மட்டும்தான் சொல்லி வந்தார்கள்.

"ஈரம் பட்டிருக்கும்" என்றது நலங்காணி. "நல்லா விரிச்சு வெளிச்சத்துல காயப் போடுங்க. அப்படியும் கட்டி உடையலேன்னா தோட்டக் கூடாரத்துல குடுத்துருங்க. வேற மாத்தித் தருவாங்க."

"எந்த விதைண்ணே?" என்று பக்கத்து அறையிலிருந்து ஜோயல் குரல் கொடுத்தான்.

"கத்திரி" என்றான் ரூபன்.

மறுநாள் அவன் நலங்காணியிடம் நேரிலேயே போனான். நேரில் போனாலும் வாய் வர வேண்டுமே. "அடிவயித்துக்குக் கொஞ்சம் கீழ" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தான். சொன்னதை மட்டும்தான் பார்க்கலாம் என்பதால் நலங்காணி அடிவயிற்றுக்குக் கொஞ்சம் கீழே மட்டும் பார்த்தது. பிறகு குடும்ப நினைவைப் புரட்டியது.

"உங்க அப்பாவுக்குக் குடலிறக்கம். பூமியில இருக்கிற உங்க சித்தப்பாவுக்கும் குடலிறக்கம். பரம்பரையா வருது. உங்களுக்கும் ஆரம்பமாகியிருக்கலாம். கச்சைய ரெண்டு துளை கூட இறுக்குங்க. வேற எங்கயாவது பாக்கணுமா?"

"வேண்டாம்" என்றான் ரூபன். குடலிறக்கம் என்றதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடலிறக்கம் யாருக்கு இல்லை? ஊரில் பாதிப் பேர் அந்தத் தழும்போடு கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள்தான். கச்சையை இறுக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி வேலைக்குப் போனான்.

கச்சை இறுகியதே தவிர, கட்டி கரையவில்லை. கொஞ்சம் பெரிதாகவும் ஆனது. கச்சையின் இறுக்கத்தில் அவனால் குனியக்கூட முடியாமல் போனது. ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

அவன் அப்பா செல்வின் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்லே, கச்சைய இம்புட்டு இறுக்கியிருக்க?"

"குடலிறக்கமாம்ப்பா. ஒங்களுக்கு இருந்துச்சுல்லா, அதே. பரம்பரைன்னு நலங்காணி சொல்லுது."

செல்வின் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தங்கள் பரம்பரையில் யாருக்கும் குடலிறக்கம் கிடையாது என்பது உலகத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எதிரே மனைவி எஸ்தர் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மறைத்து வைத்த விஷயம். இப்போதும் மறைத்துவிடலாம், கொஞ்சம் கழித்துப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் பையன் நிற்கிற நிற்பைப் பார்த்ததும் அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"வலிக்காலே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. வலியே இல்ல."

"கல்லு மாதிரி இருக்கா?"

ரூபன் தலையாட்டினான்.

"எனக்கு வந்தது குடலிறக்கம் இல்லலே" என்றார் செல்வின். "விதையில புத்துநோய். ஒன் வயசுதான் எனக்கும். உடன்குடியில இருக்கும்போது. ஒண்ண எடுத்துட்டாவ. தொடை இடுக்குல கீறித்தான் எடுப்பாவ. குடலிறக்கத்துக்கும் தழும்பு அங்கனதான் வரும். அதனால அப்படியே சொல்லிட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு ஒங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சு. அவனுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன், குடலிறக்கம்னு சொல்லுலேன்னு."

செல்வின் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் எஸ்தர்.

"எப்படித் தெரியும்?"

"ஏங்க, இத்தன வருசமாக் குடும்பம் நடத்துதேன். ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவளா நானு?"

ஜோயலுக்குப் புரையேறிவிட்டது. முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு ரூபன் சிரித்தான், கச்சை இடிக்க இடிக்க. செல்வினுக்கு மட்டும் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"பின்ன ஏன் ஒருநாளும் கேக்கல?" என்றார்.

"நீங்க குடலிறக்கம்னு சொன்னீய. சொல்லிட்டுப் போறாவன்னு விட்டுட்டேன். ரெண்டு புள்ள பெத்தாச்சு. ஒண்ணுல என்ன கொறஞ்சு போச்சு?" என்றவள், உடனே குரலை மாற்றினாள். "அது கெடக்கட்டும். நீங்க சாப்பிட்டது போதும். எந்திரிச்சு இவன இப்பமே கூட்டிட்டுப் போங்க."

நலங்காணிக்கு முன்னால் செல்வின் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "செடி விதை இல்ல. ஆம்பளைக்கு இருக்குல்லா, ரெண்டு. அந்த விதை. அதப் பாரு" என்றார், வரவேற்பறை முழுக்கக் கேட்கும்படி. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"புரியுது" என்றது நலங்காணி. "இத முன்னாலயே யாராவது சொல்லியிருக்கலாம்."

ஒலியலை வைத்துப் பார்த்தது. இரத்தம் எடுத்தது. புற்றுநோய்தான்; ஆனால் பரவவில்லை. அன்று மாலையே நலங்காணியின் அறுவைக்கை அதை எடுத்துவிட்டது. மயக்கம் தெளிந்ததும் ரூபன் கேட்ட முதல் கேள்வி பிள்ளை பிறக்குமா என்பதுதான். ஒன்று ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் தடையில்லை என்றது நலங்காணி. கண்ணெதிரே படுத்திருக்கும் சாட்சி நீதானே என்று அப்பா சொன்னார். கொஞ்ச காலம் அவ்வப்போது வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்று நலங்காணி சொல்லியனுப்பியது.

அடுத்தது ஜோயல். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் ஒருவருக்கு மற்றவர்களைவிட வர வாய்ப்புக் கூடுதல், ஆனாலும் அப்படிப்பட்ட குடும்பங்களில்கூடப் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை என்று நலங்காணி விளக்கியது. மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளித்துவிட்டுத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்; புதிதாக எது தட்டுப்பட்டாலும் உடனே வர வேண்டும். ஜோயலுக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்து அவன் பாடிய பாட்டு முன்பைவிடச் சத்தமாக இருந்தது.

ஷைனியிடம் ரூபனே போய்ச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப சரியாயிட்டுல்லா? கல்யாணப் பத்திரிகைல எந்தப் படம் போடணும்னு சொல்லு" என்றாள். அவள் அப்பா தங்கையாவை நினைத்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். அவர் மறுநாள் வீடு தேடி வந்தார். செல்வினைத் தனியாக உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, எனக்கும் அந்தக் குடலிறக்கந்தான்" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு ஊரில் ஆண்கள் ஒவ்வொருவராக, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நலங்காணியிடம் போய்த் தங்கள் பழைய நோய்களுக்குப் பெயர் மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குப் புற்று, ஒருவருக்கு விரைவீக்கம், ஒருவருக்கு நரம்பு முறுக்கிக்கொண்டது. கச்சைக்குக் கீழே எது வந்தாலும் அது இதுவரை குடலிறக்கமாகவே இருந்திருக்கிறது. துணிந்து துணியை அவிழ்த்துக் காட்டுவதற்குள் பலருக்கு முற்றிப் போயிருந்ததும், எப்படியோ பிழைத்திருந்ததும் இப்போதுதான் வெளியே வந்தது. நிஜமான குடலிறக்கம் மேலத்தேரியில் அனேகமாக யாருக்குமே இல்லை என்று நலங்காணி ஊர் மன்றத்துக்குத் தெரிவித்தது.

மன்றம் கூடியது. கச்சையை எடுத்துவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஏன் எடுக்கிறோம் என்று அறிவிப்பில் எழுதுவதில்தான் சிக்கல். அந்தச் சொல்லை எழுத ஒருவரும் முன்வரவில்லை. விடிய விடிய விவாதித்து ஒரு வழியாக அறிவிப்பு வெளியானது. செவ்வாயின் ஈர்ப்பு விசை சீரடைந்துவிட்டதால் இனிக் கச்சை தேவையில்லை. விருது வாங்கிய பேராசிரியர் அது எப்படிச் சீரடைந்தது என்று ஆராயப் புறப்பட்டுவிட்டதாகப் பூமியிலிருந்து செய்தி வந்தது.

ரூபனுக்கு இன்னும் ஒரு கடமை பாக்கி இருந்தது. உடன்குடியிலிருக்கும் சித்தப்பா ஐசக்குக்கு ஒரு மகன் உண்டு. பெயர் லெவின், ரூபனைவிட இரண்டு வயது இளையவன். அப்பாவுக்கு வந்த நோய் அவனுக்கும் வரலாம் என்பது ரூபனை உறுத்திக்கொண்டே இருந்தது. தனக்கு நடந்ததை ஒளிக்காமல், அந்தச் சொல்லையும் விழுங்காமல், குரலும் படமுமாகப் பதிந்து சித்தப்பாவுக்கு அனுப்பினான். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே உடனுக்குடன் பதில் பேச முடியாது. ஒருவர் பேசி அனுப்பினால் மற்றவருக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும்.

சித்தப்பாவின் பதில் வந்தது. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒஞ்சேதி கெடச்சுது மக்கா. அங்க ஈர்ப்பு விசை சரியாயிட்டாமே, பேப்பர்ல போட்டிருந்தான். ரொம்ப சந்தோசம். நீ சொன்ன மாதிரி சங்கதியெல்லாம் நம்ம குடும்பத்துல யாருக்கும் கெடையாதுலே. ஒங்க அப்பா வயசாகி ஏதோ ஒளறுதாவ. லெவின்ட்ட இதச் சொல்லி அவனப் பயமுறுத்திராத."

ரூபன் அப்போதே லெவினுக்கு நேரடியாகப் பதிந்து அனுப்பினான். பதில் வரும்வரை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்த படத்தில் லெவின் முதலில் எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, எனக்குப் போன வருசமே ஆபரேஷன் ஆயிட்டு. மெட்ராஸ்ல இன்டர்வியூன்னு சொல்லிட்டுப் போயி எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப நல்லாருக்கேன், நீங்க ஒண்ணும் கவலப்படாதீய" என்றான். பிறகு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினான். "அப்பாட்ட மட்டும் சொல்லிராதீய. பாவம், இப்படி ஒரு நோய் இருக்குன்னே அவுகளுக்குத் தெரியாது."