நிலாவுக்கு ஒரு லென்ஸ்

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தாள் அவள்.

"ப்ளஸ் ஒண்ணு பவர்ல ஒரு லென்ஸ் வேணும். வெட்டாம, வட்டமாவே குடுங்க."

"ஒத்தைக் கண்ணுக்கா? யாருக்கு?" மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நிமிராமலே கேட்டான்.

"என் வகுப்புல நாப்பது பிள்ளைங்களுக்கு!"

நிமிர்ந்தான். நனைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள் டீச்சர். நாளெல்லாம் கண்களை அளப்பவன்தான் அவன்... ஆனால் இந்தக் கண்களை அளக்கத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது...

"தொலைநோக்கி செய்யப் போறோம். புத்தகத்துல படம் பார்த்ததோட சரி. பள்ளிக்கூடத்துக்கு வாங்கித் தர ஆளில்ல."

"இந்த லென்ஸ்லயா?" சிரித்துவிட்டான். "ஓரமெல்லாம் வானவில்தான் தெரியும். பிள்ளைங்களை ஏமாத்தாதீங்க, டீச்சர்."

அவள் முகம் சிவந்தது. "நாளைக்குச் சாயங்காலம் எங்க பள்ளிக்கூட மொட்டை மாடிக்கு வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க!"

மழை நிற்கும்வரைகூட நிற்காமல் லென்ஸோடு போய்விட்டாள்.

ஏன்தான் வாயைத் திறந்தோமோ... போகக் கூடாது என்ற வீம்பு ஒரு பக்கம், அந்தக் கண்கள் மறுபக்கம். மறுநாள் சீக்கிரமே ஷட்டரை இறக்கினான்.

மாடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நாற்காலியில் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். கண் வைக்கும் முனையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி, மறுமுனையில் அவன் லென்ஸ். அதன்மேல், நடுவே ஓட்டை போட்ட கறுப்பு அட்டை.

"ஓரத்தை மறைச்சாச்சு. வானவில் வராது," என்றாள், அவனைப் பாராமலே. "வரிசையில நில்லுங்க சார்."

நின்றான். முன்னால் இருந்த சிறுமி குழாயில் கண்ணை வைத்தாள். கத்தவில்லை, துள்ளவில்லை... டீச்சரின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்... இது நிஜமாவே அங்க இருக்கா?"

அவன் குனிந்தான். தினமும் தலைக்குமேல் கிடந்த அந்த அரை நிலா... மலையும் பள்ளமுமாய், நிழலோடு, ஒரு முழு உலகமாய்த் தெரிந்தது.

"ஐயோ, நகருது!"

"நாமதான் சுத்துறோம்," என்றது காதருகே அவள் குரல்.

காலடியில் பூமியே நழுவுவதுபோல நாற்காலியைப் பற்றிக்கொண்டான். இத்தனை வருஷம் லென்ஸ் விற்றும், இதை ஒருநாளும் பார்த்ததில்லையே...

பிள்ளைகள் இறங்கிப் போனார்கள்.

"தப்பாப் பேசிட்டேன், டீச்சர். மத்த பள்ளிக்கூடங்களுக்கும் செஞ்சு குடுப்போம். நானும் கூட வரேன்."

"தொலைநோக்கிக்காகவா?"

"இல்ல... உங்களுக்காக. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் குழாயின் கட்டை அவிழ்ப்பதுபோலத் தலைகுனிந்தாள். விரல்கள் முடிச்சிலேயே நின்றன.

"கோவத்துலதான் வரச் சொன்னேன்... ஆனா, நீங்க வரணுமேன்னு காலையிலேர்ந்து தவிச்சுக்கிட்டிருந்தேன்."