குப்பை லாரி வழக்கில் நாத்தனார் சாட்சி

சிறார் நீதிமன்றத்துக்குக் கிளம்ப வேண்டிய காலையிலும் நாத்தனார் விடுப்பு எடுத்துக்கொள்ளவில்லை. துணி மடிக்கத் தெரியவில்லை, வாசல் பெருக்கத் தெரியவில்லை, பிள்ளை வளர்க்கவும் தெரியவில்லை என்று வரிசையாக வந்தது. தம்பி மனைவியான தையல்காரி பதினாறு வருடமாகக் கேட்டுப் பழகியவள். வாய் திறக்காமல் மகனின் சட்டைக்குப் பொத்தான் வைத்தாள். கணவர் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குப் பின்னால் குடியிருந்தார்.

பதினைந்து வயது மகன் செய்தது சின்னக் காரியமல்ல. நகராட்சிக் குப்பை லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று தெருக் குப்பையை ஊழியர்களைவிடச் சுத்தமாக அள்ளிய பிறகுதான் பள்ளிக்கூடச் சுவரில் மோதினான். சுவர் விழுந்தது. நல்ல வேளை, அன்று விடுமுறை.

வீட்டு நிலவரம் விசாரிக்க வந்த நன்னடத்தை அதிகாரியிடம் தையல்காரி ஒரு தியாகம் செய்தாள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் மகனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, அவனுக்குச் சோறு போட்டதில்லை, அடிக்காத நாளில்லை, எங்கே போகிறான் என்று கேட்டதேயில்லை என்று அளந்துவிட்டாள். அதிகாரி ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

நீதிபதி அந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த வயதில் எவ்வளவு தண்டிப்பது என்பதைவிட எது திருத்தும் என்பதுதான் கேள்வி, அடைத்து வைப்பது கடைசி வழி, பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் வீட்டுக்கே அனுப்பலாம் என்றார். ஆனால் இந்த அறிக்கைப்படி அப்படியொரு வீடே இல்லையே என்று, ஒரு வருடம் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப் பேனாவை எடுத்தார்.

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதெல்லாம் பொய் என்று அழுதாள். இனி யார் நம்புவது...

பின்வரிசையில் நாத்தனார் எழுந்தார்.

"ஐயா, இவ புளுகுறா. பதினாறு வருஷமா இவகிட்ட தேடித் தேடிக் குறை கண்டுபிடிக்கிறவ நான். பிள்ளையைப் பட்டினி போட்டான்னு சொல்ல ஒருநாள்கூடக் கிடைக்கல. அவனுக்குக் காய்ச்சல்னா ஒன்பது நாள் உட்கார்ந்தே தூங்கினவ இவ."

"அப்புறம் ஏம்மா குறை சொல்றீங்க?"

"ஒருநாளாவது எதிர்த்துப் பேசுவாளான்னுதான். பேசவே மாட்டேங்கிறா."

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். பையனை வீட்டுக்கே அனுப்பினார். ஆறு மாதம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு. சனிக்கிழமைதோறும் கொத்தனாரோடு நின்று சுவரைக் கட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் நாத்தனார் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "உள்ள சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காதே."

"முடியாது அண்ணி. நீதிபதியே எழுதிக்கிட்டாரு."

நாத்தனார் அவளையே வெறித்துப் பார்த்தார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு, வாசல் காவலர் தண்ணீர் கொண்டுவரும் வரை அழுதார்.