ஒன்பதாம் எண் ஆணை

உறையில் அஞ்சல்தலை இல்லை. மகன் க்ளென்னின் பெயர் மட்டும் இருந்தது. ரோச்டேலில் அந்த எண்பத்தாறாம் வருஷ நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஆவ்ரில் விளக்கைப் போட்டு, தேநீரை மறந்து, உறையைப் பிரித்தாள்.

மகன் போய் எட்டு மாதம். மேட்டுச் சாலையில் பைக்கோடு விழுந்தவன் ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்து செத்தான். ஆறுதல் சொன்னவர்களெல்லாம் ஓய்ந்த பிறகும் அவன் பெயருக்கு வந்துகொண்டிருந்தது இந்த ஒரு கடிதம்தான். தபாலிலேயே ஆடும் மாயராஜ்யப் போர் விளையாட்டு. பதினைந்து பேர் பதினைந்து ஊரிலிருந்து தங்கள் படைக்கு ஆணை எழுதி அனுப்புவார்கள்; லூட்டனில் இருக்கும் நைஜல், யார் எங்கே போனார், யார் மடிந்தார் என்று அச்சடித்துப் பதில் போடுவான். ஆணை வராவிட்டால் பெயரை அடித்துவிடுவான். அதைத்தான் ஆவ்ரிலால் தாங்க முடியவில்லை. பெற்றவளே ஆடினாள். ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது. மகனின் கடைசித் தாளைப் பார்த்து அப்படியே எழுதுவாள். போன தடவை மட்டும் ‘எங்கே’ என்ற கட்டத்தில் கை தானாக ‘வீடு’ என்று எழுதிவிட்டது.

இன்றைய உறைக்குள் இருந்த பதில் ஒரே வரி. ‘தலைவன் க்ளென், தனியாக, வீட்டுக்கு நடக்கிறான். மீதி தூரம் அரை மைல்.’

அவள் நைஜலுக்குப் போன் செய்தாள்.

“இந்தத் தடவை நான் இன்னும் தாளே அனுப்பலையே, மிஸஸ் க்ராப்ட்ரீ. அவன் கோட்டை ஆகஸ்ட்லயே விழுந்துடுச்சு. வரைபடத்துல அவனுக்கு வீடே கிடையாது. யாரோ உங்ககிட்ட விளையாடுறாங்க.”

“விளையாட்டுத்தானே தம்பி இது.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். “நடத்தைக் கட்டத்துல ஒன்பது போட்டிருக்கீங்களே?”

“அவன் எழுதினதைப் பார்த்துத்தான் போட்டேன்.”

“அப்போ அவன் எதிரி கோட்டையைப் பிடிக்கப் போனான். ஒன்பதுன்னா, போய்ச் சேர்ற இடத்துல ஒரு உயிரையும் விடாதேன்னு அர்த்தம். ரத்து பண்ணிடவா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“ரத்து பண்ணா அவன் என்ன செய்வான்?”

“இருக்கிற இடத்துலயே நின்னுடுவான்.”

வழக்கமாகத் தெருமுனை வறுவல் கடையிலிருந்து வரும் எண்ணெய் வாசனை அடங்கி, அதனிடத்தில் பெட்ரோலும் மேட்டுச் சேறும் கலந்த நெடி கதவிடுக்கு வழியாக உள்ளே பரவியது. குரைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு நாய் சட்டென்று அடங்கியது. அப்புறம் கல் பாவிய தெருவில் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து வரும் ஓசை. ஊன்றல். இழுப்பு. ஊன்றல்.

ஆவ்ரில் ரிசீவரைப் பிடித்தபடியே வாசல் பக்கம் திரும்பினாள்.

“மிஸஸ் க்ராப்ட்ரீ? இருக்கீங்களா?”

“இன்னொரு ராத்திரி அவன் வெளியே நிக்க வேணாம் தம்பி.” ரிசீவரை வைத்தாள்.

வாசல் கேட் கிரீச்சிட்டது. இழுப்பு நின்றது.

கதவில் கடிதம் போடும் துவாரத்தின் தகடு மெல்ல உயர்ந்தது. நான்கு விரல்கள் உள்ளே வந்தன. நகக்கண்ணில் மண். தாழ்ப்பாளைத் தேடின. எட்டவில்லை. மரத்தைப் பிறாண்டின.

அவள் மண்டியிட்டு அவற்றைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். “இப்படிச் சில்லிட்டுப் போச்சேடா.”

விரல்கள் திரும்பி அவள் மணிக்கட்டைப் பற்றின. இறுகின. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

மறு கையால் அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.