கலாநிதி பிரகலாதனின் நேரடி வகுப்பு

வீடியோப் பதிவில் இருந்த பிரகலாதன் இருமினார்.

பதிவு செய்த அன்று பிரகலாதன் இருமவில்லை. அது அவருக்கு நல்ல ஞாபகம். கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டி, முகத்துக்குப் பவுடர் ஒற்றி, வீட்டில் ஒரு சத்தமும் இருக்கக்கூடாதென்று மனைவி இராசமலரை உப்புவெளியிலுள்ள தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எடுத்த பதிவு அது. பின்னால் தெரிந்த புத்தக அலுமாரி மட்டும் அவருடையதல்ல. இணையத்தில் எடுத்த படம். அதில் அடுக்கியிருந்தவை சட்டப் புத்தகங்கள் என்பதை இதுவரை ஒரு மாணவரும் கண்டுபிடிக்கவில்லை.

இணைய வகுப்பில் கமராவுக்குப் பதிலாகப் பழைய பதிவை ஓடவிடும் வித்தையை அவர் பழகி ஒரு தவணை ஆகிறது. பிள்ளைகள் டேட்டா கரையுமென்று கமராவைத் திறப்பதில்லை, மைக்கையும் அணைத்துவிடுவார்கள். திரை நிறையக் கறுப்புப் பெட்டிகள், ஆளுக்கொரு பெயர். "ஏதும் சந்தேகமோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, "நல்லது" என்று மேலே போகலாம். பல்கலைக்கழகக் கணிதத்தில் சந்தேகம் கேட்டு ஆசிரியரைச் சங்கடப்படுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

இன்றைக்கு அந்தக் கறுப்புப் பெட்டிகளில் ஒன்று பல்கலைக்கழகப் பீடாதிபதி. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்த பிரகலாதன் எப்படிப் படிப்பிக்கிறார் என்று பார்க்க வந்திருந்தார். பெரியவர்களைக் கண்டால் பிரகலாதனுக்கு நாக்குப் புரளாது. போனமுறை நேர்முகத்தில் சொந்தப் பெயரிலேயே தடக்கி விழுந்து, கைக்கெட்டிய பதவி போயிற்று. இம்முறையும் போனால் ஓய்வுபெறும்வரை வெறும் கலாநிதிதான். ஆகவே தடுமாறாத பிரகலாதன் திரையில், எண்வரிசை ஒன்று நெருங்கிச் செல்லும் எல்லைப் பெறுமானம் படிப்பிக்க, தடுமாறும் பிரகலாதன் இடுப்பில் சாரத்தோடு கதிரையில் இருந்து, பதவி கிடைத்ததும் ஆற்றவேண்டிய நன்றியுரையை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த இருமல்.

வெளியே மாரி மழை பின்னேரத்தை முன்கூட்டியே இருட்டாக்கியிருந்தது. துறைமுகத்திலிருந்து கப்பலொன்றின் ஊதல் நீளமாக எழும்பி, நனைந்த ஓடுகளில் உரசி, உப்பூறிப் பொருக்குவிட்ட சுவருக்குள் இறங்கி, அவருடைய கதிரைச் சட்டம்வரை அதிர்ந்து அடங்கியது. மதிலோரம் மழைக்கு ஒதுங்கிய, ஊருக்குள் திரியும் மான்களின் ஈரமயிர் வாடை யன்னலால் வந்து அறைக்குள் தங்கிக்கொண்டது.

"எவ்வளவு சின்னத் தூரத்தை நீங்கள் சொன்னாலும்," என்றது பதிவு, "அதைவிடக் கிட்ட நான் வருவன்."

பதிவு எடுத்தபோது நான் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. எண்வரிசை வரும் என்றுதான் சொன்னவர்.

"ஏதும் சந்தேகமோ?"

"சேர், ஒரு கேள்வி."

ஹுஸ்னியா. கிண்ணியா ஊர்ப் பிள்ளை. அவளுடைய குரலை அவர் கேட்பதே இதுதான் முதல் தடவை. இப்போது பதிவு "நல்லது" என்று சொல்லி மேலே போகும். பீடாதிபதிக்கு எல்லாம் விளங்கிவிடும்.

பதிவு மேலே போகவில்லை. தலையைச் சரித்துக் காது கொடுத்தது.

"கிட்டக் கிட்ட வருமெண்டுறீங்கள் சேர். கடைசியில வந்து சேருமா?"

"வந்து சேரத் தேவையில்லைப் பிள்ளை. இடையில வேறொண்டும் நிக்க ஏலாத அளவுக்குக் கிட்ட வந்தால் போதும்."

"அருமை, பிரகலாதன்!" பீடாதிபதியின் மைக் திறந்து மூடியது. அந்த மனிதர் யாரையும் பாராட்டியதாகச் சரித்திரமே கிடையாது.

பிரகலாதனின் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது. நிறுத்தினால் ஏமாற்று வெளிப்படும், பதவி போகும். நிறுத்தாவிட்டால்? ஆனாலும் அந்த "அருமை" நெஞ்சுக்குள் இனித்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

திரையில் முகம் பெரிதாகியிருந்தது. கமராவுக்கு இன்னும் கிட்ட. தோளோரத்தில் சட்டப் புத்தகங்கள் கிழிந்து, பின்னாலிருந்த அறை தெரிந்தது. இதே பச்சைத் திரைச்சீலை. இன்றைய மழையில் ஊறிய இதே ஈரச்சுவர். சுவரோரம் கதிரை. கதிரையில் சாரத்தோடு ஓர் ஆள்.

"சேர், உங்களுக்குப் பின்னால ஆரோ இருக்கிறார்," என்றான் மாணவன் அஷ்பாக்.

"அதுவா? ஓடு மாத்த வந்த ஆள். மழையெண்டு உள்ளுக்கு விட்டது. கணக்கு ஒண்டும் விளங்காது, பாவம். சும்மா இருப்பார்."

வகுப்பு சிரித்தது. அவருடைய வகுப்பு, முதன்முதலாக.

பிரகலாதன் விசையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மடிக்கணினியின் மூடியை அறைந்து மூடினார். குரல் நிற்கவில்லை. திறந்தார். முகம் இன்னும் கிட்ட.

"நான்... நான்தான் பி... பி..."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழும்பப் பார்த்தார். கால்கள் கேட்கவில்லை. வெளியே மான்கள் திடீரென்று ஓடுகிற சத்தம். பிறகு மழை மட்டும்.

விறாந்தையில் செருப்புச் சத்தம். இராசமலர்! அவளுக்குத் தெரியும். அவள் பார்த்தால் போதும்.

கதவு திறந்தது. தாளித்த கறிவேப்பிலை வாசம் அவரைக் கடந்தது. சேலை முந்தானை கன்னத்தில் பட்டது. அவள் நிற்கவில்லை. திரையில், கோட்டுப் போட்டவரின் தோளில் கை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, முடிஞ்சுதோ? புட்டு ஆறுது."

"முடிஞ்சுது மலர்."

"கோட்டுப் போட்டால் மாப்பிள்ளை மாதிரித்தான் இருக்கிறியள்."

"வாழ்த்துக்கள், பேராசிரியர்," என்றார் பீடாதிபதி.

நன்றி சேர். நன்றி சேர். பிள்ளைகளின் பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

விளக்கு அணைந்தது. கதவு சாத்தப்பட்டது. இரண்டு சோடிச் செருப்புகள் விறாந்தையால் போயின.

குசினிப் பக்கமிருந்து அவருடைய குரலே கேட்டது. எங்கும் தடக்காமல் ஏதோ பகிடி சொல்லியது. இராசமலர் சிரித்தாள். எத்தனை வருசத்துக்குப் பிறகு.

அவர் கத்தினார். தன் காதுக்கே கேட்கவில்லை.

இருட்டில் திரை மட்டும் எரிந்தது. கமரா இப்போது நேரடியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைத் திரைச்சீலை தெரிந்தது. ஈரச்சுவர் தெரிந்தது. கதிரை தெரிந்தது.

வெறும் கதிரை.

அதில்தான் அவர் இருந்தார்.